கொடைக்கானல் மலையில் பிரெஸ்பிட்டேரியன் சபை இருந்ததா?

கேள்வி, 4 மார்ச் 2021

கீழ்மலையில் எங்கள் ஊர்க் கோவில் இப்போது சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஆதியில் அது ஸ்காட்லாந்துத் துரைமார் கட்டிய பிரெஸ்பிட்டேரியன் கோவில் என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு விழாவுக்குக் கல்வெட்டு வைக்கப் போகிறார்கள். அதில் "பிரெஸ்பிட்டேரியன் சபையாக நிறுவப்பட்டது" என்று போடவேண்டும் என்று ஒரு கோஷ்டி, கூடாது என்று ஒரு கோஷ்டி. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 மார்ச், இரவு

போடாதீர்கள். கல்லில் ஏறிவிட்டால் அப்புறம் அந்தக் கல்லே ஆதாரமாகிவிடும். ஐம்பது வருஷம் கழித்து உங்கள் பேரன் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட மாட்டான், கல்லைக் காட்டி அடித்துப் பேசுவான்.

மதுரை, திண்டுக்கல், வத்தலக்குண்டு, பெரியகுளம் எல்லாம் அமெரிக்கன் மதுரை மிஷனின் பூமி. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மதுரையில் ஆரம்பித்தவர்கள். கீழே காலராவிலும் காய்ச்சலிலும் குடும்பத்தைப் பறிகொடுத்து, சிறுமலையில் இருந்து பார்த்து, அங்கேயும் காய்ச்சல் விடாததால் பழனி மலை ஏறினார்கள். 1845-இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியவர்களும் அவர்கள்தான். அனுப்பியது பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டு. அதன் முதுகெலும்பு காங்கிரிகேஷனல் சபைகள், அதாவது ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன்னைத் தானே ஆளுகிற வகை. ஸ்காட்லாந்து மிஷன் இருந்தது சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம். அவர்கள் கீழ்மலைக்கு வந்து கோவில் கட்ட வழியே இல்லை.

தோட்டத் துரை கட்டியிருக்கலாமே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் துரை தனக்காகக் கட்டினால் இங்கிலீஷ் ஆராதனைக்குக் கட்டுவார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற ஜனங்களுக்குத் தமிழ்க் கோவில் வேண்டுமென்றால் இடமும் தகரமும் கொடுத்துவிட்டு, மிஷனுக்கு எழுதி ஓர் உபதேசியாரை (குருப்பட்டம் இல்லாத சபை ஊழியர்) கேட்பார். அந்த உபதேசியார் யாருடைய சம்பளத்தில் இருந்தாரோ அவர்களுடையதுதான் கோவில்.

5 மார்ச்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கவேண்டும். "அமெரிக்கன் என்றால் காங்கிரிகேஷனல், முடிந்தது" என்று நான் சொல்லிவிட்டதாக ஒருவர் பிடித்துக்கொண்டார். அவ்வளவு சுத்தமாக முடியவில்லை என்பது வாஸ்தவம்தான்.

அமெரிக்கன் போர்டு 1810-இல் ஆரம்பித்தபோது காங்கிரிகேஷனல் ஆட்களுடையது. கொஞ்ச நாளிலேயே பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் காசும் ஆளும் கொடுத்தன. 1837-இல் அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை பழைய கட்சி, புதிய கட்சி என்று இரண்டாக உடைந்தது. பழைய கட்சி சொந்தமாக மிஷன் வைத்துக்கொண்டது. புதிய கட்சி போர்டோடேயே இருந்து, 1870-இல் இரண்டு கட்சியும் மறுபடி சேர்ந்த பிறகுதான் விலகியது. ஆக 1870 வரைக்கும் மதுரை மிஷனுக்கு வந்த காசில் பிரெஸ்பிட்டேரியன் காசும் கலந்திருந்தது.

ஆனால் உங்கள் கோவிலுக்கு 125 வருஷம் என்றால் 1890-களின் கடைசி. அப்போது அந்தக் காசு நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

6 மார்ச்

காங்கிரிகேஷனலுக்கும் பிரெஸ்பிட்டேரியனுக்கும் என்ன வித்தியாசம், ரெண்டுமே அங்கி போடாத பாதிரியார்தானே என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

காங்கிரிகேஷனல் முறையில் ஒவ்வொரு ஊர்ச் சபையும் தனக்குத்தானே ராஜா. போதகரை வைப்பதும் எடுப்பதும் சபையார் கூட்டம். பிரெஸ்பிட்டேரியனில் சபையார் மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூப்பர்களும் போதகரும் சேர்ந்து சபையை நடத்துகிறார்கள். பக்கத்துச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடுகிற மன்றம் ஒன்று அதற்கு மேலே. அதற்கு மேலே சினாடு. அப்பீல் மேலே மேலே போகும். இரண்டிலும் பிஷப் கிடையாது.

சண்டை வந்தால்தான் வித்தியாசம் தெரியும். கமிட்டியில் இருந்தபோது எங்கள் சபையில் மணிக்கூண்டுக்கு வசூலித்த பணத்தைப் பற்றி ஒரு தகராறு. காங்கிரிகேஷனலாக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கத்தித் தீர்த்திருப்போம். பிரெஸ்பிட்டேரியனாக இருந்திருந்தால் மூப்பர்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லி, தோற்றவன் மேல்மன்றத்துக்கு ஓடியிருப்பான். நாங்கள் சிஎஸ்ஐ என்பதால் மூன்றையும் செய்தோம், பிஷப்புக்கும் ஒரு நகல் அனுப்பினோம். மணிக்கூண்டு இன்னும் வரவில்லை.

6 மார்ச், மாலை

தம்பிக்கு இன்னொன்று. "பிரெஸ்பிட்டேரியன்" என்று மட்டும் போட்டால் போதாது, எந்த பிரெஸ்பிட்டேரியன் என்றும் போடவேண்டும். ஸ்காட்லாந்திலேயே 1843-இல் சபை பிளந்தது. சர்க்கார் பக்கம் நின்றது ஒன்று, சுயாதீன சபை என்று வெளியேறியது ஒன்று. சென்னையில் 1837-இல் பள்ளிக்கூடம் ஆரம்பித்த ஜான் ஆண்டர்சன் கூட்டம் வெளியேறியவர்களோடு போனது. அந்தப் பள்ளிக்கூடம்தான் பின்னால் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார், பார்த்துக்கொள்ளுங்கள்.

9 மார்ச்

கேள்வி கேட்டவர் கோவிலின் உட்புறப் படம் அனுப்பியிருக்கிறார். இதற்காகவே இந்த இழை நீண்டாலும் பரவாயில்லை. பிரசங்க பீடம் நடுவில் இருக்கிறது. கிழக்குச் சுவரோடு ஒட்டிய பலிபீடம் இல்லை, மேசைதான். முழங்கால்படியிடுகிற கம்பித் தடுப்பும் இல்லை. திருவிருந்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். சபையார் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க, மூப்பர்கள் தட்டில் அப்பமும் சின்னக் கிண்ணங்களும் கொண்டுவருவார்களாம்.

"பார்த்தீர்களா, பிரெஸ்பிட்டேரியன்!" என்று உடனே நாலு பேர். அவசரப்படாதீர்கள். காங்கிரிகேஷனல்காரர்களும் அப்படித்தான். இந்த அடையாளம் ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்கிறது: இது ஆங்கிலிக்கன், அதாவது பிஷப் உள்ள இங்கிலாந்து சபை, வழியில் வந்த கோவில் இல்லை.

என் வீட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மனைவி நாசரேத்துக்காரர், எஸ்பிஜி என்ற ஆங்கிலிக்கன் மிஷன் வழி. கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் சபையில் திருவிருந்து நாளன்று எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே வாங்குவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "டீ குடிக்கிற மாதிரி குடிக்கிறீங்க" என்றார். அவர்கள் ஊரில் முன்னே போய் முழங்காலில் நின்று வாங்குவது பழக்கம். இரண்டு பேரும் சிஎஸ்ஐ. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவர் கண்ணை மூடிக் குனிந்துகொண்டுதான் வாங்குகிறார். எங்கள் அம்மா சாகும்வரை அதை ரோமன் கத்தோலிக்கப் பழக்கம் என்று முணுமுணுத்தார்.

10 மார்ச்

அப்படியானால் பிரெஸ்பிட்டேரியன் வாடையே கிடையாதா என்றால், உண்டு. ஆனால் வந்த வழி வேறு.

1901-இல் ஸ்காட்லாந்து சுயாதீன சபை மிஷனின் சபைகளும், ஆற்காடு மிஷன் சபைகளும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆற்காடு மிஷன் என்றால் ஸ்கடர் குடும்பம் 1853-இல் தொடங்கியது. அவர்கள் அமெரிக்காவின் டச்சு ரிஃபார்ம்டு சபையார், ஆட்சிமுறையில் பிரெஸ்பிட்டேரியனுக்குப் பங்காளிகள். இந்தப் பக்கம் மதுரை அமெரிக்கன் மிஷன் சபைகளும் லண்டன் மிஷன் சபைகளும் 1905-இல் தங்களுக்குள் ஒரு காங்கிரிகேஷனல் கூட்டு வைத்துக்கொண்டன. 1908-இல் இரண்டு கூட்டும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை, சுருக்கமாக எஸ்ஐயுசி.

ஆகவே 1908-க்கு அப்புறம் உங்கள் ஊர்க் கோவில் பாதி பிரெஸ்பிட்டேரியன் அமைப்புக்குள் வந்துவிட்டது. உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் பிறந்த காலத்தில் மேல்மன்றம், மூப்பர் என்ற பேச்செல்லாம் இருந்திருக்கும். அவர் பிசகியது நிறுவிய வருஷத்தில்.

இந்த ஒற்றுமை எல்லாம் எங்கோ ஆபீஸில் மட்டும் பிறக்கவில்லை. கோடைகாலத்தில் எல்லா மிஷன்காரர்களும் கொடைக்கானலில்தான் கிடந்தார்கள். 1914-இல் லா காட் ரோடு என்ற மலைச்சாலை வரும்வரை பெரியகுளம் அடிவாரத்திலிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏறவேண்டும். இறங்குவதும் அதே பாடு. ஏறினால் மாதக்கணக்கில் இருந்துவிடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரரும் ஆற்காட்டுக்காரரும் மதுரைக்காரரும் ஒரே ஏரியைச் சுற்றி நடந்தார்கள், பிள்ளைகள் 1901-இல் ஆரம்பித்த ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். கீழே வேறு வேறு மிஷன், மலையில் ஒரே ஆராதனை. டோலி தூக்கியவர்கள் எந்த சபை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

10 மார்ச், இரவு

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய கூட்டத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அங்கேதான் ஆங்கிலிக்கனும் எஸ்ஐயுசியும் சேருகிற பேச்சு தொடங்கியது. ஆங்கிலிக்கன் பக்கம் அசரியா பிஷப், எஸ்ஐயுசி பக்கம் வேதநாயகம் சந்தியாகு. கூடியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே இந்தியர்கள். வெள்ளைக்காரர் இரண்டே பேர்: ஷெர்வுட் எடி, இன்னொருவர் ஈரோட்டு லண்டன் மிஷன் பாப்ளி. கொடைக்கானல் பள்ளியில் இருக்கிற மார்கரெட் எடி நினைவு ஆலயம் அந்த எடியின் மகள் பெயரில் உள்ளதுதான். பேச்சு தொடங்கி ஒப்பந்தம் ஆக இருபத்தெட்டு வருஷம். சபைக் கமிட்டியில் இருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

13 மார்ச்

இதை எழுதாமல் விட்டால் தூக்கம் வராது.

1947 செப்டம்பர் 27, சென்னை ஜார்ஜ் கதீட்ரலில் சிஎஸ்ஐ உதயம். அன்றைக்கு அபிஷேகம் பெற்ற புது பிஷப்புகளில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். வயது 37. ஸ்காட்லாந்து சபையின் மிஷனெரி, 1936-இல் எடின்பரோ பிரெஸ்பிட்டேரியில் குருப்பட்டம் பெற்றவர், காஞ்சிபுரத்தில் வேலை செய்தவர். அவருக்குக் கொடுத்த திருமண்டலம் எது தெரியுமா? மதுரை ராமநாதபுரம். உங்கள் கீழ்மலை அதற்குள் அடக்கம்.

பிஷப்பே கூடாது என்கிற மரபில் வளர்ந்த ஒருவர், பிஷப்பே இல்லாமல் நூறு வருஷத்துக்கு மேல் இருந்த அமெரிக்கன் மிஷன் சபைகளுக்கு முதல் பிஷப். கேட்ட கோஷ்டிக்கு இதைச் சொல்லுங்கள்: உங்கள் கோவிலுக்கு நிஜமான பிரெஸ்பிட்டேரியன் ஒருவர் வந்தார், ஆனால் பிஷப்பாக வந்தார்.

அவர் 1959 வரை இந்தத் திருமண்டலத்தில் இருந்தார். கிராமம் கிராமமாகச் சுற்றியவர் என்று என் பெரியப்பா சொல்வார். பெரியப்பா வத்தலக்குண்டுப் பக்கம் உபதேசியார். ஆனால் அவர் கதையில் பிஷப்பைவிட பிஷப்புக்கு வைத்த கோழிக்குழம்புதான் அதிக இடம் பிடிக்கும்.

14 மார்ச்

பிஷப்பை ஏற்றுக்கொண்டதால் பழைய போதகர்களுக்கு மறுபடி குருப்பட்டம் கொடுத்தார்களா என்று கேள்வி. இல்லை. 1947-இல் இருந்த எல்லாப் போதகர்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பட்டம் பெறுகிறவர்களுக்குத்தான் பிஷப் கை. ஒரு சபைக்கு மனச்சாட்சிப்படி ஒத்துவராத ஊழியரையோ ஆராதனை முறையையோ திணிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் சில ஆங்கிலிக்கன்களுக்கு இதனால்தான் வயிற்றெரிச்சல். உங்கள் ஊரில் இன்னும் உட்கார்ந்தபடி திருவிருந்து வாங்குவது அந்த வாக்கின் தயவு.

18 மார்ச்

கோத்தகிரிக்காரர் ஒருவர் நடுவில் புகுந்து, "எங்கள் நீலகிரியில்தான் பழைய பிரெஸ்பிட்டேரியன்" என்கிறார். ஐயா, உங்களுடையது பாசெல் மிஷன். காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற சிவில் அதிகாரி ஆதரவில் 1846-இல் கேத்தியில் தொடங்கியது. அவர் செத்தபோது சொத்தையும் அவர்களுக்கு எழுதிவைத்தார். சுவிஸ் ரிஃபார்ம்டும் ஜெர்மன் லூத்தரனும் கலந்த கூட்டம் அது. படுக மக்களிடையே வேலை செய்து, லூக்கா சுவிசேஷத்தைப் படுக பாஷையில் கன்னட எழுத்தில் 1890-இல் அச்சிட்டார்கள். பிரெஸ்பிட்டேரியனுக்குச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம், தூரத்துச் சொந்தம்.

ஊட்டி ஸ்டீபன் கோவிலைப் பாருங்கள். 1829-இல் அஸ்திவாரம், 1830-இல் கல்கத்தா பிஷப் வந்து பிரதிஷ்டை, உத்தரம் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனை மரம். ஆணி வரைக்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். கவர்னர் வந்து தொழுத கோவிலுக்கு எழுத ஆள் இருந்தது. காப்பித் தோட்டத்துக் கோவிலுக்கு எழுதத் தெரிந்தவர் உபதேசியார் ஒருவர்தான். அவரே வாத்தியார், அவரே மணி அடிக்கிறவர், மிஷன் ஆபீஸுக்கு மாதக் கணக்கு எழுதுகிறவரும் அவரே. வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அதே கூரைக்குள் கோவில். கணக்கு எழுதிய மிச்ச நேரத்தில் வரலாறு எழுத அவருக்கு என்ன தலைவிதி?

22 மார்ச்

பித்தளை வில்லை! கோவில் பெட்டியிலிருந்து வட்டமான பித்தளைத் துண்டு ஒன்று, ஓட்டையும் எண்ணும் போட்டது, படம் வந்திருக்கிறது. பிரெஸ்பிட்டேரியன் கோஷ்டி ஆடுகிறது. ஸ்காட்லாந்து சபைகளில் திருவிருந்துக்கு முன்னால் மூப்பர்கள் வீடுவீடாகப் போய் விசாரித்து, தகுதியானவர்களுக்கு உலோக வில்லை கொடுக்கும் வழக்கம் இருந்தது உண்மை. வில்லை இல்லாதவன் மேசைக்கு வரமுடியாது.

ஆனால் அந்த வில்லைகளில் பொதுவாக சபையின் பெயரோ போதகரின் முதலெழுத்தோ வருஷமோ இருக்கும். வெறும் எண்ணும் தொங்கவிட ஓட்டையும் இருந்தால் தோட்டத்துச் சில்லாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவனுக்கோ காப்பிப் பழம் அளந்து கொடுத்தவளுக்கோ கொடுத்தது. காணிக்கைப் பையில் அதைப் போட்டுவிட்டுப் போன புண்ணியவான் யார் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

23 மார்ச்

ஒருவர் சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஊரில் பாதிக் குடும்பங்கள் சிலோனிலிருந்து திரும்பியவர்களாம். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்கள். நீலகிரியில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இவர்களுக்காக வந்தன. கொடைக்கானல் பக்கம் காட்டு வேலைக்கு வந்தார்கள், யூகலிப்டஸும் சவுக்கும் நட. சிலோன் மலைநாட்டில் ஸ்காட்லாந்துத் துரைமார் ஏராளம், கண்டியிலேயே ஸ்காட்ஸ் கிர்க் என்ற ஸ்காட்லாந்து சபைக் கோவில் உண்டு. "துரை கட்டிய பிரெஸ்பிட்டேரியன் கோவில்" என்ற கதை அங்கே கேட்டதாகவும் இருக்கலாம். குடும்பம் கடல் தாண்டும்போது கதையும் தாண்டும். வந்து இறங்கிய ஊரில் ஒரு கோவில் இருந்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

தாத்தா எந்த வருஷம் வந்தார் என்று கேட்டேன்.

24 மார்ச்

1971-ஆம். கப்பலில், தலைமன்னார் வழி.

25 மார்ச்

இதற்காகத் தாத்தாவைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூர்வீகமாக இருக்கிற நாலு குடும்பம் "சிலோன்காரர்களுக்குக் கோவில் வரலாறு என்ன தெரியும்" என்று எழுதியிருப்பது நன்றாக இல்லை. அந்தக் கோவில் பதிவேட்டில் 1970-களுக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்றவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். முடிக்கொத்து நோய் வந்து மலைவாழை அழிந்து, தோட்டம் விற்றுப் பலர் கீழே இறங்கிய பிறகு, அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் விட ஏதாவது கொண்டுவந்தவர்கள் யார்? கல்வெட்டில் துரைக்கு இடம் தேடுகிறீர்கள், இவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

2 ஏப்ரல்

கடைசியாக, உருப்படியான வேலை ஒன்று. வருஷத்தைப் பற்றிய சண்டையை முதலில் பிரியுங்கள். முதல் ஜெபக்கூட்டம், முதல் ஞானஸ்நானம், முதல் கூரைக் கொட்டகை, இப்போதைய கல் கட்டடம், நாலும் நாலு வருஷம். விழாக் கமிட்டி எப்போதும் ஆகப் பழையதைத்தான் எடுக்கும்.

திருமணப் பதிவேட்டைத் தேடுங்கள். 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் யார் கல்யாணம் நடத்தலாம் என்று தனித்தனியாகப் பிரிக்கிறது: பிஷப்பிடம் பட்டம் பெற்றவர், ஸ்காட்லாந்து சபைக் குரு, சர்க்கார் உரிமம் பெற்ற ஊழியர், பதிவாளர், இந்தியக் கிறிஸ்தவர்களுக்குச் சான்று கொடுக்க உரிமம் பெற்றவர். பழைய பக்கங்களில் கையெழுத்துப் போட்டவர் எந்த வகை என்று பாருங்கள். ஸ்காட்லாந்து சபைக் குரு என்று ஒரே ஒரு பக்கம் இருந்தாலும் நான் மேலே எழுதியதெல்லாம் குப்பைக்குப் போகட்டும். உரிமம் பெற்றவர் என்றிருந்தால் அமெரிக்கன் மிஷன் பக்கம் சாய்கிறது.

உங்கள் புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தால் பயப்படவேண்டாம். நகல் சர்க்காருக்குப் போகவேண்டும் என்பது சட்டம். அமெரிக்கன் போர்டின் கடிதங்கள் ஹார்வர்டில் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் விசாரியுங்கள்.

3 ஏப்ரல்

பெட்டிச் சாவி பொருளாளரிடம், பொருளாளர் மகன் கல்யாணத்துக்குத் தேனி போயிருக்கிறார் என்று தகவல். சரி, வரட்டும்.